எலிசா ஏன் திரும்பி வரவேண்டும்?

நியூயார்க் லிங்கன் சென்டரின் விவியன் போமான்ட் அரங்கில் 2018-ல் ‘மை ஃபேர் லேடி’ மறுபடியும் மேடையேறியபோது, எல்லோரும் காத்திருந்தது அதன் கடைசி இரண்டு நிமிடங்களுக்காகத்தான். கதை ஊரறிந்தது. தெருவில் பூ விற்கும் எலிசாவுக்குச் சீமாட்டிகளின் ஆங்கிலத்தை ஆறே மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடுவதாகப் பேராசிரியர் ஹிக்கின்ஸ் பந்தயம் கட்டுகிறார். ஜெயிக்கிறார். ஜெயித்த இரவில் அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் தன் சாமர்த்தியத்தையே மெச்சிக்கொள்கிறார். மனம் உடைந்து வீட்டைவிட்டுப் போகிற எலிசா, கடைசியில் திரும்பி வருகிறாள். ஹிக்கின்ஸ் நாற்காலியில் சாய்ந்தபடி, என் செருப்பு எங்கே என்று கேட்கிறார். 1956-லிருந்து அந்தக் கேள்வியோடுதான் திரை விழுந்துவந்தது.

இயக்குநர் பார்ட்லெட் ஷெர் வசனத்தில் கைவைக்கவில்லை. செருப்பைக் கேட்கும் வரி அப்படியே இருந்தது. எலிசா அந்த மனிதரை நெருங்கி, கன்னத்தை ஒருமுறை தடவிக்கொடுத்தாள். பிறகு மேடையைவிட்டு இறங்கி, பார்வையாளர்களைத் தாண்டி நடந்து போய்விட்டாள்.

‘மீ டூ’ இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. காலத்துக்குத் தகுந்தபடி முடிவை வளைத்துவிட்டார்கள் என்று ஒரு சாரார் வருத்தப்பட்டார்கள். இப்போதாவது வளைத்தார்களே என்று இன்னொரு சாரார் கைதட்டினார்கள். பழைய நாடகத்துக்குள் புதிய காலம் நுழைந்துவிட்டது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எனக்கு அதில்தான் வேறுபாடு. எலிசா வெளியேறுவது 2018-ல் பிறந்த யோசனையே இல்லை. அதற்கு நூறு வயது தாண்டிவிட்டது.

இந்த இசை நாடகத்தின் மூலம் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’. 1914 ஏப்ரலில் லண்டனில் அது மேடையேறியது. ஷா எழுதிய முடிவில் எலிசா ஹிக்கின்ஸை உதறிவிட்டுப் போகிறாள். ஹிக்கின்ஸாக நடித்த ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீயால் அதைத் தாங்க முடியவில்லை. திரை விழுவதற்கு முன்பு எலிசாவை நோக்கி ஒரு பூச்செண்டை வீசி, இது காதல் கதைதான் என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டார். ஷாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எலிசா ஏன் ஹிக்கின்ஸை மணக்கமாட்டாள், ஏன் தன்னைக் காதலிக்கும் இளைஞன் ஃப்ரெடியைத்தான் மணப்பாள் என்று 1916-ல் நீண்ட பின்னுரையே எழுதிச் சேர்த்தார். 1938-ல் வந்த திரைப்படம் அதையும் மீறி அவளை ஹிக்கின்ஸ் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. இந்த நாடகத்தை இசை நாடகமாக்க ஷா உயிரோடு இருந்தவரை அனுமதி தரவில்லை. அவர் 1950-ல் இறந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து ‘மை ஃபேர் லேடி’ வந்தது. எலிசா திரும்பி வந்தாள். 2,717 காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தாள்.

அப்படியானால் 2018-ல் பார்ட்லெட் ஷெர் செய்தது என்ன? நாடகத்தின் மூல ஆசிரியர் சாகும்வரை கேட்டு நடக்காததை நடத்திக் காட்டினார். அவ்வளவுதான்.

பழைய பிராட்வே இசை நாடகங்களை இன்றைய சமூக மதிப்பீடுகளால் அளப்பது நியாயமா என்ற விவாதம், ஒவ்வொரு மறுமேடையேற்றத்தின்போதும் கிளம்புகிறது. ‘அந்தக் காலத்தில் அப்படித்தான்’ என்பது ஒரு தரப்பின் வாதம். கேட்கப் பெருந்தன்மையாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் யார் யார் வாழ்ந்தார்கள் என்ற கேள்வியை அது விழுங்கிவிடுகிறது. அடி வாங்கியவர்களும் கேலிக்கு ஆளானவர்களும் பெயர் பறிபோனவர்களும் அதே காலத்தில்தான் வாழ்ந்தார்கள். அவர்கள் பேசவும் செய்தார்கள். இப்போது புதிதாக நடந்திருப்பது ஒன்றே ஒன்று: அரங்கத்துக்காரர்களுக்கு அந்தப் பேச்சு காதில் விழ ஆரம்பித்திருக்கிறது.

‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ 1957-ல் வந்தபோது, பியூர்ட்டோ ரிக்கோவை நோய் பிடித்த தீவாகச் சித்தரித்த பாட்டு வரியை நியூயார்க்கின் ஸ்பானிய மொழிப் பத்திரிகை ‘லா பிரென்சா’ அப்போதே கண்டித்தது. 1961-ல் திரைப்படமானபோது அந்தப் பாட்டின் வரிகள் மாறின. அறுபது ஆண்டுகள் கழித்து யாரோ தேடிக் கண்டுபிடித்த குற்றம் இல்லை அது.

ஒரே கை எழுதியது

இந்த வழக்கில் மிகப் பெரிய சாட்சி ‘ஷோ போட்’. 1927 டிசம்பர் 27 அன்று நியூயார்க் ஸீக்ஃபெல்ட் அரங்கில் முதல் காட்சி. எட்னா ஃபெர்பரின் நாவலை எடுத்துக்கொண்டு ஜெரோம் கெர்ன் இசையமைக்க, ஆஸ்கர் ஹேமர்ஸ்டீன் வசனமும் பாடல்களும் எழுதினார். ஆட்டமும் பாட்டும் சிரிப்புமாக இருந்த மேடையில், நிறவெறியைக் கதையின் நடுவில் வைத்த நாடகம் இது.

திரை விலகுகிறது. மிசிசிப்பிக் கரையில் கறுப்பினத் தொழிலாளர்கள் பருத்தி மூட்டை சுமந்தபடி பாடுகிறார்கள். தங்களைக் குறித்து அவர்கள் பாடும் முதல் சொல்லே, வெள்ளையர்கள் அவர்கள்மீது வீசிய வசைச்சொல். அதே நாடகத்தில் சற்று நேரத்தில் இன்னொரு காட்சி வருகிறது. படகு நாடகக் குழுவின் நாயகி ஜூலி, பார்வைக்கு வெள்ளைக்காரி. உண்மையில் அவள் உடம்பில் கறுப்பின ரத்தம் ஓடுகிறது. அவள் கணவன் ஸ்டீவ் வெள்ளையன். அந்த மாநிலத்தில் இப்படிப்பட்ட திருமணம் குற்றம். ஷெரிஃப் கைதுசெய்ய வருகிறார். ஸ்டீவ் கத்தியை எடுத்து மனைவியின் கையில் கீறி, அந்த ரத்தத்தை உறிஞ்சி விழுங்குகிறான். ஒரு துளி கறுப்பின ரத்தம் இருந்தாலே ஒருவன் கறுப்பன் என்பதுதானே உங்கள் சட்டம். இப்போது என் உடம்பிலும் அது இருக்கிறது என்கிறான். கலப்புத் திருமணத்தைத் தடுக்கும் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1967-ல். அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பு, சீமான்களும் சீமாட்டிகளும் நிறைந்த அரங்கில் ஒருவர் இதை எழுதி மேடையேற்றியிருக்கிறார்.

அந்தத் துணிச்சலையும் அந்த வசைச்சொல்லையும் எழுதியது ஒரே கை. இந்த நாடகங்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும். அதே முதல் தயாரிப்பில் கறுப்பினச் சமையல்காரி குவீனியாக நடித்தவர், முகத்தில் கரி பூசிக்கொண்ட டெஸ் கார்டெல்லா என்ற வெள்ளைக்கார நடிகை என்பதையும் சேர்த்து.

தொடக்கப் பாட்டின் அந்தச் சொல் பிறகு பலமுறை மாறியது. 1936 திரைப்படத்தில் ஒன்று, 1946 மறுமேடையேற்றத்தில் இன்னொன்று. இவை தயாரிப்பாளர்கள் செய்த மாற்றங்கள். பாடகர் ஒருவர் தானாகச் செய்த மாற்றம்தான் என்னை அதிகம் கவர்கிறது. ஆற்றைப் பார்த்துக் கறுப்பினத் தொழிலாளி ஜோ பாடும் ‘ஓல் மேன் ரிவர்’ பாட்டை உலகறியச் செய்தவர் பால் ராப்சன். 1928-ல் லண்டன் மேடையிலும் பிறகு திரைப்படத்திலும் தனக்கு எழுதிக் கொடுத்தபடியே பாடினார். 1930-களின் இறுதியில் கச்சேரி மேடைகளில் வரிகளை மாற்ற ஆரம்பித்தார். இழிசொற்கள் போயின. வாழச் சலித்து, சாகப் பயந்து நிற்கும் மனிதனின் புலம்பலாக இருந்த இடத்தில், சாகும்வரை போராடுவேன் என்று நிமிரும் குரல் வந்தது. எழுதியவரின் ஒப்புதலுக்காக ராப்சன் காத்திருக்கவில்லை. (நியூயார்க்கில் படித்த காலத்தில் ராப்சனோடு பழகிய பூபேன் ஹசாரிகா, இந்தப் பாட்டின் தாக்கத்தில் பிரம்மபுத்திராவையும் கங்கையையும் பார்த்துக் கேள்வி கேட்டார். நம் நாட்டுக்கு அந்த ஆறு வந்து சேர்ந்தது ராப்சன் திருத்திய வடிவின் வழியாகத்தான் என்று நான் நினைக்கிறேன்.)

பாட்டைப் பாடவேண்டியவன் அதை மறுத்து எழுதியது 1930-களில். அதற்குப் பிறகு 1993-ல் இயக்குநர் ஹெரால்ட் பிரின்ஸ் இந்த நாடகத்தை டொராண்டோவில் பிரம்மாண்டமாக எடுத்தபோது, கறுப்பினச் சமூக அமைப்புகள் அரங்குக்கு வெளியே போராடின. கவிஞர் எம். நோர்பெஸி பிலிப் அதைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். பழையதைக் கிளறுகிறார்கள் என்றார்கள் சிலர். கிளறியது யார்? அதைத் தூசி தட்டி மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தவர்கள்தானே.

மன்னரின் பெயரில்

கற்பனைப் பாத்திரங்களுக்கு நடக்கும் அநியாயத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதம் செய்யலாம். உயிரோடு இருந்த மனிதர் ஒருவர் மேடையில் கோமாளியாக்கப்படும்போது எனக்கு வாதம் செய்யவே தோன்றவில்லை. ‘தி கிங் அண்ட் ஐ’ எனக்கு அந்த வகை.

ரிச்சர்ட் ரோஜர்ஸும் ஹேமர்ஸ்டீனும் 1951-ல் கொண்டுவந்த நாடகம். சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வரும் ஆங்கிலேய ஆசிரியை அன்னா, முரட்டு மன்னருக்கு மெல்ல மெல்ல நாகரிகம் கற்பிக்கிறாள். மன்னர் உடைந்த ஆங்கிலம் பேசுகிறார், குதிக்கிறார், அதட்டுகிறார். ஓடிப்போக முயன்ற இளம்பெண் டப்டிமைச் சவுக்கால் அடிக்கப் போய், அன்னாவின் பார்வைக்கு முன்னால் கை எழாமல் தோற்கிறார். அந்த அவமானத்தில் நொறுங்கி, அன்னா பக்கத்தில் இருக்க இறந்துபோகிறார்.

அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் இருந்த உண்மையான சயாம் மன்னர் மோங்குட் யார்? அரியணை ஏறுவதற்கு முன்பு 27 ஆண்டுகள் புத்த பிக்குவாக வாழ்ந்தவர். துறவியாக இருந்த காலத்திலேயே லத்தீனும் ஆங்கிலமும் வானியலும் கற்றவர். பௌத்தத் துறவு ஒழுக்கத்தைச் சீர்திருத்தித் தம்மயுத் பிரிவைத் தோற்றுவித்தவர். சுற்றிலும் ஐரோப்பியப் பேரரசுகள் ஆசிய நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தபோது, தன் நாட்டைக் காலனியாகாமல் காப்பாற்றியவர்களில் முதன்மையானவர். 1868 ஆகஸ்ட் 18-ல் முழுச் சூரிய கிரகணம் எங்கே, எப்போது தெரியும் என்று தானே கணக்கிட்டார். பிரெஞ்சு வானியலாளர்களையும் சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் ஆளுநரையும் அழைத்துக்கொண்டு வா கோ என்ற இடத்துக்குப் போனார். கணக்கு பிசகவில்லை. ஆனால் அந்தச் சதுப்பு நிலத்தில் மலேரியா தொற்றி, அக்டோபர் 1-ல் இறந்தார். அதே கிரகணத்தைத்தான் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரிலிருந்து பிரெஞ்சு அறிவியலாளர் ஜான்சென் ஆராய்ந்தார். ஹீலியம் தனிமத்தின் முதல் தடயம் கிடைத்தது அந்தக் கிரகணத்தில்தான். ஒரு பெண்ணின் முறைப்பில் உயிர்விட்ட மன்னராக மேடை காட்டுகிறவர், அறிவியல் ஆர்வத்துக்கு உயிரைக் கொடுத்தவர். அப்போது அன்னா சயாமிலேயே இல்லை. முந்தைய ஆண்டே கிளம்பிவிட்டார்.

அன்னாவின் கதை இன்னும் வேதனையானது. அன்னா லியோனோவன்ஸ் தன்னை வேல்ஸ் நாட்டில் பிறந்த நல்ல குடும்பத்துப் பெண் என்றும், ராணுவ அதிகாரியின் விதவை என்றும் சொல்லிக்கொண்டார். அவர் பிறந்தது 1831-ல், நம் மகாராஷ்டிரத்து அகமதுநகரில். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் வேலை பார்த்தவர். கணவர் குமாஸ்தா. அவர் பாட்டி இந்திய வம்சாவளி என்பது ஆய்வாளர்களின் முடிவு. கலப்பினப் பிறப்பு தெரிந்தால் மதிப்பும் வேலையும் போய்விடும் என்ற உலகத்தில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பெண் தன் பிறந்த ஊரையே மறைக்க நேர்ந்தது. வெள்ளை நாகரிகத்தின் தூதராக மேடையில் நிற்கிறவர், அதே நாகரிகத்துக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்தவர். இந்த உண்மை ஒரு நாடகத்துக்கு எவ்வளவு பெரிய கரு! ‘தி கிங் அண்ட் ஐ’ அதைத் தொடவில்லை. 1951-ல் அது வெளியே தெரிந்திருக்கவும் இல்லை. இப்போது தெரியும்.

தாய்லாந்து மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1956-ல் வந்த திரைப்படத்தை அந்த நாடு தடைசெய்தது. 1999-ல் இதே கதையை எடுத்த ‘அன்னா அண்ட் தி கிங்’ படத்துக்கும் தடை. தடையை நான் ஆதரிக்கவில்லை. மன்னரைப் பற்றிப் பேசுகிறவர்களை அந்த நாட்டுச் சட்டம் எப்படி நடத்துகிறது என்பது தெரியும். ஆனால் விளாடிவாஸ்டாக்கில் பிறந்த யூல் பிரின்னர், 1985 வரை 4,625 முறை இந்த மன்னராக மேடையேறினார் என்றால், உலகத்துக்கு மோங்குட் என்றால் யார் என்று முடிவுசெய்தது பாங்காக் இல்லை, பிராட்வே.

வெட்டினால் தீருமா?

‘கேரசல்’ (1945) வேறு விதமான சிக்கல். ரோஜர்ஸ் தன் படைப்புகளில் மிகவும் நேசித்தது இதைத்தான். ‘டைம்’ இதழ் இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த இசை நாடகமாக இதைத் தேர்ந்தெடுத்தது. லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் மைதானம் அதிரப் பாடும் பாட்டு இதிலிருந்து வந்ததுதான். ராட்டினக்காரன் பில்லி பிகிலோ தன் மனைவி ஜூலியை அடிக்கிறான். கொள்ளையடிக்கப் போய் மாட்டிக்கொண்டு, தன்னையே குத்திக்கொண்டு சாகிறான். பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரே ஒருநாள் பூமிக்கு வந்து, தன் மகள் லூயிஸைச் சந்திக்கிறான். அவனை நம்பாத அவள் கையிலும் ஓங்கி அடிக்கிறான். ஒருவர் பலமாக அடித்தும் வலிக்காமல் இருக்குமா என்று மகள் அம்மாவைக் கேட்கிறாள். இருக்கும் என்கிறாள் அம்மா.

இன்றைய பார்வையாளர்கள் நெளிவது இந்த இடத்தில். சில தயாரிப்புகள் இந்தப் பேச்சைக் குறைத்தோ வெட்டியோ பார்த்திருக்கின்றன. 2018 பிராட்வே தயாரிப்பில் பில்லியாகக் கறுப்பின நடிகர் ஜோஷுவா ஹென்றி அற்புதமாகப் பாடி நடித்தார். ஆனால் வெள்ளை மனைவியை அடிக்கும் கறுப்பினக் கணவன் என்ற இன்னொரு பழைய அவதூறு அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. வெட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அடிபட்ட பெண்கள் இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறோம். பேசாதது போல மேடை நடிப்பது அவர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது.

இந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கோளாறு எங்கே என்பது புரியும். மூலம், ஹங்கேரிய நாடகாசிரியர் ஃபெரென்ஸ் மோல்னாரின் ‘லிலியோம்’ (1909). அதிலும் மகள் இதே கேள்வியைக் கேட்கிறாள், அம்மா இதே பதிலைச் சொல்கிறாள். ஆனால் அங்கே நாயகன் திருந்தவில்லை. கிடைத்த ஒரே வாய்ப்பையும் அடித்துக் கெடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அவன் போனபிறகு தாய் சொல்லும் அந்தப் பதிலோடு திரை விழுகிறது. கேட்கிறவருக்கு ஈரக்குலை நடுங்கும். அடியை அன்பென்று நம்பப் பழகிய ஒருத்தி, அந்த நம்பிக்கையை மகளுக்குக் கொடுத்துவிட்டாள். பிராட்வேயில் அதற்குப் பிறகு ஒரு பட்டமளிப்பு விழாவைச் சேர்த்தார்கள். பாட்டு எழும்புகிறது, பில்லி மன்னிக்கப்படுகிறான், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். மோல்னாரிடம் சோகமாக இருந்த சொல், இசையின் வெதுவெதுப்பில் ஆறுதலாக மாறிவிட்டது. குற்றம் வசனத்தில் இல்லை. அதற்குப் பிறகு வரும் சமாதானத்தில் இருக்கிறது. துணிச்சலான இயக்குநர் வசனத்தை விட்டுவிட்டு அந்தச் சமாதானத்தைக் கேள்வி கேட்கவேண்டும்.

சில இடங்களில் ஒரு சொல்லை மாற்றினாலே போதும். ‘கிஸ் மீ, கேட்’ 2019-ல் மறுபடி மேடைக்கு வந்தபோது, பெண்களின் பேதைமைக்கு வெட்கப்படுவதாக வரும் கடைசிப் பாட்டில் ‘பெண்கள்’ என்பதை ‘மனிதர்கள்’ என்று மாற்றினார்கள். வேலை முடிந்தது. நாடகம் அதனால் பெரிதாக உயரவும் இல்லை, தாழவும் இல்லை.

யார் மேடையில், யார் வெளியே

இந்த விவாதத்தில் பாதி, வரிகளைப் பற்றியதே இல்லை, வேலையைப் பற்றியது. ‘சௌத் பசிபிக்’ (1949) நிறவெறி பிறவிக் குணமில்லை, சிறுவயதில் ஊட்டப்படுவது என்று ஒரு பாட்டில் சொன்னது. அதைத் தூக்கிவிடச் சொல்லி வந்த யோசனைகளை ரோஜர்ஸும் ஹேமர்ஸ்டீனும் ஏற்கவில்லை. 1953-ல் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் அந்தப் பாட்டில் மாஸ்கோவின் கை இருப்பதாகக் கொதித்தார்கள். அதே நாடகத்தில் வெள்ளை ராணுவ அதிகாரி காதலிக்கும் தீவுப் பெண் லியட்டுக்குப் பேச்சே அநேகமாகக் கிடையாது. அவளுடைய தாய் ப்ளடி மேரியாக நடித்தவர் கறுப்பின நடிகை ஹுவானிடா ஹால். டோனி விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். ஆசியப் பெண்ணாக நடித்துத்தான் அந்த விருதை வாங்க முடிந்தது.

‘மிஸ் சைகான்’ நியூயார்க்குக்கு வரவிருந்த 1990-ல் இந்தப் பிரச்சினை வெடித்தது. பாதி வியட்நாமியனான எஞ்சினியர் பாத்திரத்தில், லண்டனில் வெள்ளைக்கார நடிகர் ஜொனாதன் பிரைஸ் கண்ணிமை ஒப்பனையோடு நடித்திருந்தார். நாடகாசிரியர் டேவிட் ஹென்றி ஹ்வாங், நடிகர் பி.டி. வாங் ஆகியோர் எதிர்த்தார்கள். நடிகர் சங்கமான ஈக்விட்டி, பிரைஸுக்கு அனுமதி மறுத்தது. தயாரிப்பாளர் கேமரன் மெக்கின்டோஷ் நிகழ்ச்சியையே ரத்துசெய்வதாக அறிவித்தார். பத்து நாட்களுக்குள் சங்கம் பின்வாங்கியது. பிரைஸ் நடித்தார், டோனி விருதும் வாங்கினார். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பாத்திரத்துக்கு வெள்ளை நடிகரை அமர்த்துவது நியூயார்க்கில் நின்றுபோனது. தோற்ற போராட்டம் வழக்கத்தை மாற்றிவிட்டது.

இதற்கு நேர்மாறான பக்கத்தையும் சொல்லவேண்டும். ‘போர்கி அண்ட் பெஸ்’ இசை நாடகத்தைக் கறுப்பினக் கலைஞர்களே நடிக்கவேண்டும் என்பது அதற்கு இசையமைத்த கெர்ஷ்வினின் குடும்பம் விதித்த நிபந்தனை. ஹங்கேரி அரசு ஓபரா அதைப் பெரும்பாலும் வெள்ளைப் பாடகர்களை வைத்து மேடையேற்றியது. 2019-ல், ஆப்பிரிக்க அமெரிக்கப் பூர்வீகம் தங்கள் அடையாளத்தின் ஒரு பகுதி என்று கையெழுத்திட்டுத் தரும்படி அந்தப் பாடகர்களிடமே கேட்டது. அதே நாடகத்தின் வரலாற்றில் 1936-ம் உண்டு. வாஷிங்டன் நேஷனல் தியேட்டரில் கறுப்பினத்தவருக்கு இருக்கை கிடையாது. போர்கியாக நடித்த டாட் டங்கன், அப்படியானால் பாடமாட்டேன் என்று நின்றார். சக நடிகர்களும் சேர்ந்து நின்றார்கள். அந்த நாடகம் நடந்தவரை அரங்கு எல்லோருக்கும் திறந்திருந்தது. கறுப்பின வாழ்க்கையைப் பற்றி வெள்ளையர்கள் எழுதிய அந்த நாடகத்தைக் கொண்டே, அதில் பாடியவர்கள் ஓர் அரங்கின் கதவைத் திறந்தார்கள்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, தடைசெய்யவேண்டுமா அப்படியே விடவேண்டுமா என்று கேட்பது சின்னக் கேள்வி. யாருக்குத் திருத்தும் உரிமை இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. ரோஜர்ஸ்–ஹேமர்ஸ்டீன் படைப்புகளின் உரிமை 2017 முதல் கான்கார்ட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூட நாடகக் குழுகூட அனுமதியில்லாமல் ஒரு வரியைத் தொடமுடியாது. 1927-ல் வெளியான ‘ஷோ போட்’ அமெரிக்காவில் 2023-ல் பொதுவுடைமையாகிவிட்டது. 1943-ல் வந்த ‘ஓக்லஹோமா!’ 2039 வரை பூட்டுக்குள்தான். ஆனால் சாவி வைத்திருந்தவர்கள் ஒருமுறை மனமுவந்து திறந்திருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவின் சீனக் குடும்பங்களைப் பற்றிய ‘ஃப்ளவர் ட்ரம் சாங்’ (1958) நாடகத்தின் பாடல்களை வைத்துக்கொண்டு கதையையும் வசனத்தையும் ஏறக்குறைய முழுக்கப் புதிதாக எழுத, அதே டேவிட் ஹென்றி ஹ்வாங்குக்கு அனுமதி கொடுத்தார்கள். 2002-ல் அது பிராட்வேக்கு வந்தது. நீண்ட நாள் ஓடவில்லை. ஓடாதது ஒரு குறை, செய்யக்கூடாது என்பதற்குச் சான்றாகிவிடாது. ‘தி கிங் அண்ட் ஐ’ பாடல்களை ஒரு தாய்லாந்து நாடகாசிரியரிடம் கொடுத்து, மோங்குட்டும் அகமதுநகர் அன்னாவும் எதிரெதிரே நிற்கும் புதிய நாடகத்தை எழுதச் சொல்ல இதைவிட வேறென்ன முன்மாதிரி வேண்டும்?

இன்னொன்றும் செய்யலாம். அதற்கு யாருடைய வரியையும் மாற்றத் தேவையில்லை. ‘ஓக்லஹோமா!’ நடக்கும் காலம் 1906. இடம், மாநிலமாவதற்கு முந்தைய இந்தியன் டெரிட்டரி. பூர்வகுடிகளுக்கு என்று ஒதுக்கப்பட்ட மண். நாடகத்தில் பூர்வகுடி ஒருவர்கூடக் கிடையாது. 2019-ல் இயக்குநர் டேனியல் ஃபிஷ் அதைப் புதுக் கண்ணோடு எடுத்தார். வசனம் மாறாமலே, நாயகன் கர்லியோடு மோதும் பண்ணையாள் ஜட் ஃப்ரையின் சாவும் அவசர விசாரணையும் ஒரு ஊரே சேர்ந்து மூடி மறைக்கும் கொலையாகத் தெரிந்தன. அதிலும் இந்தக் காலியிடம் காலியாகத்தான் இருந்தது.

அந்தக் காலியிடம் மூலத்தில் இல்லை. ‘ஓக்லஹோமா!’ பிறந்தது லின் ரிக்ஸ் எழுதிய ‘கிரீன் குரோ த லைலாக்ஸ்’ நாடகத்திலிருந்து. ரிக்ஸ் தாய்வழியில் செரோக்கிப் பூர்வகுடி. பிறந்ததே அந்த மண்ணில், கிளேர்மோர் பக்கத்தில். அவருடைய நாடகத்தின் கடைசியில், சிறையிலிருந்து தப்பிவந்த கர்லியைப் பிடிக்க ஊர்க்காரர்கள் வருகிறார்கள். மத்திய அரசின் மார்ஷலுக்கு ஏன் துணை போகிறீர்கள், அமெரிக்கா நமக்கு அந்நிய நாடு இல்லையா என்று நாயகியின் அத்தை எல்லர் அவர்களைச் சாடுகிறாள். அவர்கள் வெட்கப்பட்டு, நாங்களும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான், எங்கள் உடம்பிலும் பூர்வகுடி இந்திய ரத்தம்தான் என்கிறார்கள். இசை நாடகமானபோது அந்தப் பேச்சு போய்விட்டது. அந்த இடத்தில் புதிய மாநிலத்தை வாழ்த்தும் கோரஸ் வந்தது. ரிக்ஸின் நாடகம் 1931-ல் 64 காட்சிகள் நடந்தது. ‘ஓக்லஹோமா!’ 2,212 காட்சிகள் நடந்தது.

ரிக்ஸ் தன் மக்களைப் பற்றியே ‘த செரோக்கி நைட்’ என்ற நாடகத்தையும் எழுதினார். அதை எடுப்பார் குறைவு. ‘ஓக்லஹோமா!’வை எடுக்கும் அரங்குகள், அதே மேடையில், அதே பருவத்தில் ‘த செரோக்கி நைட்’டையும் எடுக்கட்டும். அச்சில் இருக்கும் நாடகம் அது. நடிக்கச் செரோக்கி கலைஞர்கள் இருக்கிறார்கள். அரங்கத்துக்காரர்கள் கூப்பிட்டால் போதும்.